எட்டு வீட்டுத் தாம்பூலம்

எங்கள் வீட்டில் எல்லாம் இருக்கிறது. கழிவறை மட்டும் அடுத்த ஊரில் இருக்கிறது.

மிகைப்படுத்துகிறேன் என்பவர்கள் திருவனந்தபுரம் கரமனை அக்ரஹாரத்து வீட்டுக்குள் ஒருமுறை வந்து பார்க்கட்டும். ரேழி, கூடம், பூஜை அறை, அடுக்களை என்று ரயில்பெட்டி மாதிரி வீடு நீண்டுகொண்டே போகும். கொல்லைக் கதவைத் திறந்து, படி இறங்கி, கிணற்றைச் சுற்றிக்கொண்டு, முருங்கை மரத்தையும் தாண்டினால் ஆற்றுப் பக்கமாக ஓடு போட்ட ஒரு சின்ன அறை தெரியும். அதுதான். மழை பெய்தால் குடை பிடித்துக்கொண்டு போகவேண்டும். உள்ளே போனபிறகு குடையை எங்கே வைப்பது என்று இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

போன ஆடி மாதத்து மழையில் கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்தேன். முழங்கால் வீங்கிப்போனது. டாக்டர் பார்த்துவிட்டு, ராத்திரியில் எழுந்து போவதைக் குறைத்துக்கொள்ளச் சொன்னார். அவர் சொன்னது என் காதில் விழுந்தது. விழவேண்டிய உறுப்பு வேறு. அதற்குக் காது கிடையாது.

எனக்கு அறுபத்தாறு வயது. நகை வேண்டும் என்று கேட்கவில்லை, காசிக்குக் கூட்டிப்போ என்று கேட்கவில்லை. படுக்கையிலிருந்து எழுந்து நாலடி நடந்தால் ஒரு குளியலறை இருக்கவேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

உள்ளேயே ஒன்று கட்டிக்கொண்டால் என்ன என்று கேட்பீர்கள். பக்கச் சுவர்கள் இரண்டும் முழுக்க எங்களுடையவை அல்ல. அடுத்த வீட்டுக்கும் எங்களுக்கும் பொதுச்சுவர். ஒரு குழாய் பதிக்கவேண்டும் என்றாலும் அந்தப் பக்கம் சம்மதம் கேட்கவேண்டும். தவிர, எங்கே கட்டினாலும் ஒரு பக்கம் பூஜை அறை வரும், இல்லாவிட்டால் அடுக்களை வரும். என் கணவர் பட்டாபி இந்தப் பேச்சை ஒரே கேள்வியில் முடித்துவிட்டார்.

"சுவாமிக்குப் பக்கத்துலயா?"

நான் விழுந்த மறுநாள் அவரே ஊரின் பெரிய கடைத்தெருவான சாலைக்குப் போய் ஒரு பெரிய டார்ச் லைட்டும் வழுக்காத ரப்பர் செருப்பும் வாங்கிக்கொண்டு வந்தார். என்மீது அன்பு இல்லாத மனிதர் அல்ல. அந்த அன்பு செருப்பு வரைக்கும் வந்து நின்றுவிட்டது.

இந்த நிலையில்தான் தெருக்கோடியில் பூட்டிக் கிடந்த எண்ணெய் மில்லை ஒரு கட்டடக் கம்பெனி வாங்கியது. பதினாலு மாடிக் குடியிருப்பு வரப்போகிறது என்றார்கள். மில் இடம் மட்டும் போதாது, அதை ஒட்டிய எங்கள் வரிசை வீடுகள் எட்டும் வேண்டும் என்றார்கள். வீட்டைக் கொடுத்தால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதே கட்டடத்தில் ஒரு ஃபிளாட், கட்டி முடிக்கும் வரை வேறு இடத்தில் குடியிருக்க வாடகையும் உண்டு.

படம் எல்லோருடைய போனுக்கும் வந்தது. ஆற்றங்கரையில் சிவப்பாக ஓர் உயரக் கட்டடம். முழுக்கச் செங்கல். மேலே பூச்சு கிடையாது, சாயம் கிடையாது. மழைக்கும் வெயிலுக்கும் அதுதான் நல்லது, வீடு குளிர்ந்து இருக்கும் என்று கீழே எழுதியிருந்தது. நான் அதையெல்லாம் படிக்கவில்லை. ஃபிளாட்டின் உள் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். படுக்கையறைக்குள்ளேயே ஒரு கதவு இருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் குளியலறை. போனை மூடி வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனேன். குழம்பு கொதிப்பதற்குள் திரும்பி வந்து மறுபடியும் பார்த்தேன்.

தெருவோ கொதித்துக்கொண்டிருந்தது.

முதல் சண்டை செங்கல்லோடுதான். திருவனந்தபுரத்து மலையாளிகளுக்குப் பூசாத செங்கல் வீடு என்றால் உயிர். எங்கள் தெருவுக்கு அது பாதியில் பணம் தீர்ந்துபோனவன் வீடு. "பதினாலு மாடி கட்டறவனுக்கு ரெண்டு மூட்டை சிமெண்ட் வாங்கக் கதியில்லையா?" என்று எங்கள் வரிசை வீட்டு ராஜபாய் மாமி வாசலில் கோலம் போட்டுக்கொண்டே கேட்டாள். கேட்டது யாரிடம் என்று தெரியாது. பதில் சொன்னது தெரு முழுக்க.

பிறகு சுவாமி புறப்பாடு. உற்சவத்தில் வாகனம் வீட்டுக்கு வீடு நிற்கும், நாங்கள் வாசலில் நின்று தேங்காய் பழத் தட்டு கொடுப்போம். பதினோராவது மாடியில் இருப்பவள் என்ன செய்வாள், சுவாமி லிப்டுக்காகக் காத்திருப்பாரா என்று ஒருத்தர் கேட்டார். அடுத்து மீன் வாசனை. எவனோ எங்கேயோ பொரிக்கப்போகும் மீனுக்கு எங்கள் தெருவில் அப்போதே ஆறு பேர் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

இந்தக் கொதிப்புக்கெல்லாம் தலைவர் என் கணவர். தெருச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். கணக்குத் தணிக்கை ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் ஆட்சேபம் எழுதியே சம்பளம் வாங்கியவர், ஓய்வு பெற்றபின் ஆட்சேபிக்க ஒன்றும் கிடைக்காமல் வாடிப்போயிருந்தார். இந்தச் செங்கல் கட்டடம் வந்து அவருக்குப் பத்து வயதைக் குறைத்துவிட்டது. காலையில் காப்பி குடித்த கையோடு மனு எழுத உட்கார்ந்துவிடுவார்.

பெங்களூரிலிருந்து எங்கள் பிள்ளை கிரிஷும் சேர்ந்துகொண்டான். இந்தத் தெருவிலிருந்து வெளியூர் போய்விட்ட பிள்ளைகள் எல்லாரும் ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்து, தெருவைக் காப்பாற்றக் கிளம்பியிருந்தார்கள்.

"அம்மா, அது நம்ம ஹெரிடேஜ். அந்தக் கூடம், அந்தக் கிணறு, அதெல்லாம் போனா திரும்பி வராது. நீ ஸ்ட்ராங்கா நில்லு."

"நிக்கத்தான்டா முடியலை. முட்டி வலிக்கறது."

"அம்மா, நான் சீரியஸா சொல்றேன்."

நானும் சீரியஸாகத்தான் சொன்னேன். அவன் வீட்டில் மூன்று படுக்கையறை, மூன்று குளியலறை. அவனுடைய பாரம்பரியத்தைத் தினம் பெருக்கித் துடைத்து, கிணற்றடிப் பாசியைச் சுரண்டிக்கொண்டிருப்பவள் நான். கோபம் வந்தது. அடை வார்க்கவேண்டும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

என் கணவரிடம் நேராகச் சொல்லியிருக்கலாமே என்றால், சொல்ல முடியவில்லை. எட்டு வீட்டுக்கும் பொதுச்சுவர். நடுவில் ஒன்றை நிறுத்திவிட்டு மற்றதை இடிக்க முடியாது. அதனால் எட்டுப் பேரும் சம்மதித்தால்தான் உண்டு, ஒருவர் மறுத்தாலும் வேறு ஊர்ப்பக்கம் பார்த்துக்கொள்கிறோம் என்று கம்பெனி சொல்லிவிட்டது. நான் ஒருத்தி வேண்டும் என்று சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. ஒரு குளியலறைக்காகத் தெருவையே விற்கப் பார்த்தவள் என்ற பெயர் மட்டும் மிஞ்சும். தலைவரின் மனைவி வேறு.

எதிர்ப்பவர்களில் எல்லாருக்கும் மேலே நின்றவள் எங்கள் இடது பக்கத்து வீட்டு விஜயம் மாமி. எழுபத்தெட்டு வயது. கணவர் போய்ப் பல வருஷம் ஆகிறது. ஒரே பிள்ளை மஸ்கட்டில். தனியாகச் சமைத்து, தனியாகச் சாப்பிட்டு, யாரிடமும் ஒரு கரண்டி சர்க்கரைகூடக் கடன் கேட்காதவள். கம்பெனியிலிருந்து வந்த பெண்ணுக்கு மாமி கதவே திறக்கவில்லை. ஜன்னல் வழியாகவே சொல்லி அனுப்பினாள்.

"பூசாத சுவத்துக்குள்ள நான் போய் உக்காரமாட்டேன். போய்ட்டு வா."

அந்தப் பெண்தான் நீது. அந்தக் கட்டடத்தை வரைந்த ஆர்க்கிடெக்ட். மலையாளிப் பெண், முப்பது வயது இருக்கும். அங்கே திட்டு வாங்கியவள் நேராக எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து தண்ணீர் கேட்டாள். என் கணவர் சங்க வேலையாக வெளியே போயிருந்தார். உட்காரவைத்து மோர் கொடுத்தேன்.

"மாமி, ஞாயிற்றுக்கிழமை பஜனை மடத்துல மீட்டிங் வச்சிருக்கோம். கவுன்சிலரும் வரும். நாட்டுக்காரோட அபிப்பிராயம் கேட்டு எழுதணும், அல்லே? அது கழிஞ்சு எல்லாருக்கும் எந்தா கொடுக்கறது? சாயையும் கட்லெட்டும் போதுமோ?"

"பஜனை மடத்துக்குள்ள கட்லெட்டா? அங்கேயே உன்னைப் பொதச்சுடுவா."

"பின்னே?"

அந்த நிமிஷத்தில்தான் எனக்கு அது தோன்றியது. திட்டம் போட்டேன் என்று சொல்லமாட்டேன். வாயில் வந்தது, சொன்னேன்.

"வெத்தலை பாக்கு கொடு. மஞ்சள், தேங்காய், ரெண்டு பழம் வச்சு, வீட்டுக்கு ஒரு தட்டா தாம்பூலமா கொடு. எட்டு வீடு, எட்டுத் தட்டு. எங்க தெருவுல அதை யாரும் வேண்டாம்னு சொல்லமாட்டா."

"அது நல்ல ஐடியா மாமி. யாருக்கு ஆத்யம் கொடுக்கணும்?"

"மூத்தவாளுக்கு."

அவள் போனில் குறித்துக்கொண்டாள். சாலையில் எந்தக் கடையில் நல்ல வெற்றிலை கிடைக்கும் என்பதையும் சொல்லி அனுப்பினேன்.

எங்கள் தெருவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டு மாற்றிப் பேசியவர்கள் இங்கே உண்டு. கோர்ட்டுக்குப் போய்ச் சத்தியம் பண்ணிவிட்டு மாற்றிப் பேசியவர்களும் உண்டு. நாலு பேர் முன்னால் ஒரு காரியத்துக்காகத் தாம்பூலம் வாங்கியபின் பேச்சு மாறியவர் கிடையாது. வாங்கினால் சம்மதம் என்று அர்த்தம். சம்மதம் இல்லாவிட்டால் வாங்கக்கூடாது. ஆனால் நீட்டிய தாம்பூலத்தை வேண்டாம் என்று தள்ளுவது வீட்டு லட்சுமியை வாசலோடு திருப்பி அனுப்புவது மாதிரி, அதையும் செய்யக்கூடாது. அதனாலேயே விவரம் தெரிந்தவர்கள், பேச்சு முடிவதற்கு முன் தாம்பூலத் தட்டை யார் கண்ணிலும் காட்டமாட்டார்கள். நீதுவுக்கு இது தெரியாது. தெரிந்த நானும் சொல்லவில்லை. அன்று முழுக்க எனக்குக் கொஞ்சம் பயமாகவும் நிறையக் குஷியாகவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மடம் நிறைந்துவிட்டது. கவுன்சிலர் ஜெயகுமார் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். என் கணவர் மைக்கைப் பிடித்தார். அதிகாரிகள் இருக்கும் இடத்தில் அவர் மலையாளம்தான் பேசுவார். இது எங்கள் பைத்ருகம், பைத்ருகம் என்று ஒன்பது தடவை சொன்னார். பாரம்பரியத்துக்கு மலையாளத்தில் அப்படித்தான் பெயர். நான் எதிரில் ஜமக்காளத்தில் காலை நீட்டி உட்கார்ந்து முட்டியைத் தடவிக்கொண்டிருந்தேன்.

வரிசையின் கடைசி வீட்டு நெல்லையப்பன் அண்ணாச்சி எழுந்தார். நாஞ்சில் நாட்டுக்காரர், சாலையில் பாத்திரக் கடை. அவர் சம்சாரம் உலகம்மை பக்கத்திலிருந்து முழங்கையால் இடித்துத்தான் அவரை எழுப்பிவிட்டாள்.

"நான் ஒண்ணு கேக்கேன். வடாம், வத்தலெல்லாம் எங்க காயப் போடதுக்கு? இப்பம் வீட்டுக்கு மேல சொந்தமா மெத்தை இருக்கு. அங்க பதினாலு மாடிக்காரனும் மேல ஏறி வந்தா, யாரு வடாம் யாருக்குன்னு எப்படித் தெரியும்?"

மொட்டைமாடியில் வீட்டுக்கு ஒரு பங்கு பிரித்துக் கொடுத்திருக்கிறது என்று நீது படத்தில் காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அளவைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "ஆனாலும் நான் எதிர்ப்புதான்" என்று சொல்லி உட்கார்ந்தார்.

ராஜபாய் மாமி கேட்டது இன்னும் பெரிய கேள்வி. "என் பூஜை ரூமுக்கு நேர் மேல மேல்மாடிக்காரா குளியலறை வந்ததுன்னா? தினமும் என் சுவாமி தலைக்கு மேல அவா குளிப்பாளா?"

மடத்தில் ஒரே சலசலப்பு. நீது பொறுமையாகப் பதில் சொன்னாள்.

"இல்ல மாமி. எல்லா மாடிக்கும் ஒரே பிளான். பூஜை முறிக்கு மேல பூஜை முறிதான் வரும். குளியலறைக்கு மேல குளியலறை. மாறாது, கேட்டோ."

ராஜபாய் மாமியின் முகத்தில் ஒரு நிம்மதி ஓடி மறைந்ததை நான் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்கிறவளுக்கு எதற்கு நிம்மதி? அண்ணாச்சி எதற்கு மொட்டைமாடி அளவைப் பார்த்தார்? முகங்களை ஒவ்வொன்றாகக் கவனித்தேன். எல்லாரும் உரக்க எதிர்த்தார்கள். எதிர்த்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரர் தன்னைக் கவனிக்கிறாரா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்த பார்வை அது. கண்ணாடியில் கொஞ்ச நாளாக நான் பார்த்துக்கொண்டிருந்த பார்வை.

கடைசியாக விஜயம் மாமி தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மைக்கை வேண்டாம் என்றாள். அவள் குரலுக்கு அது தேவையும் இல்லை.

"பாதியில நின்னுபோன வீட்டுல எங்களைக் குடிவைக்கப் பாக்கறா. நான் வரமாட்டேன். மத்தவா போனா போகட்டும், என் ஆம் நிக்கும்."

கைதட்டல் மடத்தை நிறைத்தது. முதலில் கைதட்டியவர் என் கணவர். அவள் வீடு நின்றால் எட்டும் நிற்கும். என் குளியலறை கட்டுவதற்கு முன்பே இடிந்து விழுந்துவிட்டது.

கவுன்சிலர் பேனாவை மூடப்போனார். அதற்குள் நீது பின்பக்கம் திரும்பித் தலையசைத்தாள். கம்பெனி ஆட்கள் தட்டுகளை எடுத்து வந்து வரிசையாக வைத்தார்கள். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காய், பழம். சாலைக் கடைக்காரன் ஏமாற்றவில்லை, நல்ல தளிர் வெற்றிலையாகக் கொடுத்திருந்தான். சலசலப்பு சட்டென்று நின்றது. என்ன வருகிறது என்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது. என் கணவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

எட்டாவது தட்டைக் கீழே வைத்தபோதுதான் எனக்கு உறைத்தது. விஜயம் மாமிக்குத் தாம்பூலம் கொடுக்க முடியாது.

கணவர் போன பெண்ணுக்கு மஞ்சள் வைத்துத் தட்டு நீட்டுகிற வழக்கம் எங்கள் தெருவில் இல்லை. நவராத்திரியில் அவளைக் கொலுவுக்குக் கூப்பிடுவோம். சுண்டல் கொடுப்போம். வெற்றிலை பாக்கு எடுக்கும் நேரம் வந்தால் அவளே ஏதாவது வேலை சொல்லிக்கொண்டு எழுந்து போய்விடுவாள். கல்யாண வீடுகளில் வாசலில் கொடுக்கும் பையைக்கூட வேறு யாராவது வாங்கிக்கொண்டு போய் அவள் வீட்டில் வைத்துவிட்டு வருவார்கள். அவளுக்கு நேரே யாரும் நீட்டுவதில்லை. பக்கத்து வீட்டுக்காரி நானும் நீட்டியதில்லை. தட்டே நீட்டப்படாதவளை எந்த வழக்கம் கட்டும்? ஏழு பேர் வாங்கி என்ன, அவள் ஒருத்தி வெளியே நின்றால் கதை முடிந்தது. இவ்வளவு யோசித்தவள் இதை யோசிக்கவில்லையே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

நீது முதல் தட்டைக் கையில் எடுத்தாள். மூத்தவர் யார் என்று சுற்றிலும் பார்த்தாள். நான் மூத்தவர் என்று நினைத்தது தலைவரை, என் கணவரை. அவளுக்கு அப்படித் தெரியுமா? நரைத்த தலையைப் பார்த்தாள், தூணைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். நேரே விஜயம் மாமியிடம் போய் நின்று, குனிந்து, தட்டை நீட்டினாள்.

ராஜபாய் மாமி, "அவாளுக்கு..." என்று ஆரம்பித்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். நீதுவுக்கு ஒன்றும் புரியவில்லை. நீட்டிய கையை மடக்காமல், "மாமி, வாங்கிக்கோங்க" என்றாள்.

விஜயம் மாமி தட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் பார்த்தது மஞ்சளைத்தான். பிறகு தூணை விட்டுவிட்டு இரண்டு கைகளையும் நீட்டி வாங்கிக்கொண்டாள். தட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்போது பாக்கு ஒன்று உருண்டு கீழே விழுந்தது. நீது அதைப் பொறுக்கித் தட்டில் வைத்தாள்.

"உன் பேர் என்னம்மா?"

"நீது, மாமி."

"உள்பக்கமாவது சுவத்தைப் பூசிக் கொடுப்பியோ?"

"உள்ளே முழுக்கப் பூசித் தரும் மாமி. வெளியே மாத்திரம்தான் செங்கல்."

"அதை முன்னாடியே சொல்றதுதானே?" மாமி மடத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தாள். "தாம்பூலம் வாங்கிண்டாச்சு. இனிமே பேச்சு மாறப்படாது. என்ன பட்டாபி, நீ வாங்கிக்கலையா?"

அதற்கப்புறம் நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். அண்ணாச்சி வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்துவிட்டார். "அம்மையே வாங்கியாச்சு, பொறவு நமக்கு என்ன?" என்று சொல்லிக்கொண்டே தட்டை வாங்கினார். உலகம்மை அதற்குள் தேங்காயைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ராஜபாய் மாமி, வாங்காவிட்டால் மரியாதையாக இருக்காது என்று யாரும் கேட்காமலேயே விளக்கம் கொடுத்துக்கொண்டு வாங்கினாள். ஒவ்வொருவரும் வேறு வழியில்லாதவர்கள் போல எழுந்து போனார்கள், தட்டோடு திரும்பும்போது முகம் மலர்ந்து வந்தார்கள். கல்யாண வீட்டுப் பேச்சும் சிரிப்பும் மடத்துக்குள் வந்துவிட்டது.

கடைசித் தட்டு எங்களுடையது. தம்பதியாக நின்றுதான் வாங்கவேண்டும். அவர் என்னைக் கூப்பிட்டார்.

"சீதா, இங்க வா. மெதுவா வா, ஓடிவராதே."

முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய் அவர் பக்கத்தில் நின்றேன். இரண்டு பேருமாக வாங்கினோம்.

கவுன்சிலருக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. "சுவாமி, எதிர்ப்புன்னு எழுதணுமா, வேண்டாமா?" என்று கேட்டார்.

"எழுதவேண்டாம்" என்றார் என் கணவர். அந்தக் குரலில் வருத்தம் இருக்கிறதா என்று கூர்ந்து கேட்டேன். இல்லை.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, "அப்பாடா" என்றார்.

"வெத்தலை பாக்கு கொடுக்கச் சொன்னது யாரு?"

"அவ கேட்டா. சொன்னேன்."

"தெரியும். மடத்துல உன் மூஞ்சியைப் பாத்தப்பவே தெரிஞ்சுது." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தலைவர்னு உக்காரவச்சுட்டா. வேண்டாம்னு சொல்றதுக்குத்தான் தலைவர்னு நெனச்சுண்டுட்டேன். நீ ஒவ்வொரு தடவை கொல்லைக் கதவைத் திறக்கறப்பவும் நான் முழிச்சிண்டுதான் இருப்பேன், தெரியுமா? திரும்பி வந்து படுக்கறவரைக்கும் தூக்கம் வராது."

எனக்குத் தெரியாது. அவர் குறட்டை விடுகிறார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிரிஷ் கூப்பிட்டான். செய்தி அதற்குள் பெங்களூர் போய்விட்டது. "என்னம்மா இது, எல்லாரும் வாங்கிண்டேளாமே" என்று ஆரம்பித்தான். "ஆமாம்டா. அடுத்த மழைக்கு நீ இங்க வந்து ஒரு மாசம் இரு. கொல்லைக்குப் போய்ட்டு வா. அப்புறம் ஹெரிடேஜ் பேசலாம்" என்றேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஃபிளாட்டில் தனக்கு ஒரு ரூம் உண்டா என்று கேட்டான்.

சாயங்காலம் விஜயம் மாமி வீட்டுக்குப் போனேன். தட்டை சுவாமி முன்னால் வைத்து விளக்கேற்றியிருந்தாள். என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"அந்தப் படம் உன் போன்ல இருக்கோ? காட்டு."

காட்டினேன். மாமி கட்டடத்தைப் பார்க்கவில்லை. உள்ளே எப்படி என்று கேட்டாள். வரைபடத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தேன். அவள் விரல் படுக்கையறைக்குள் இருந்த கதவில் போய் நின்றது.

"இது எங்க திறக்கறது?"

"குளியலறைக்கு மாமி."

"படுக்கையிலேர்ந்தே போகலாமா? வெளியில இறங்கவே வேண்டாமா?"

"வேண்டாம்."

அவள் போனை மடியில் வைத்துக்கொண்டாள்.

"போன கார்த்திகையில நான் கிணத்தடியில விழுந்துட்டேன், சீதா. எழுந்துக்க முடியலை. விடியறவரைக்கும் அங்கயே உக்காந்திருந்தேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஒரு குரல் கொடுத்திருக்கக் கூடாதா மாமி? இந்தப் பக்கம் நாங்க இருந்தோமே."

"கொடுத்தா உனக்குத் தெரியும். உனக்குத் தெரிஞ்சா என் பிள்ளைக்குத் தெரியும். அவன் என்னைக் கொண்டுபோய் ஏதாவது ஹோம்ல விட்டுடுவான்."

"அப்புறம் ஏன் வேண்டாம் வேண்டாம்னு சொன்னேள்?"

மாமி விளக்குத் திரியைத் தூண்டிவிட்டாள்.

"எனக்கு வேணும்னு நானே எப்படிடி சொல்லுவேன்? தனியா இருக்கறவளுக்கு இந்த வயசுல என்ன சௌகரியம் வேண்டிக்கிடக்குன்னு கேப்பா. யாராவது கொண்டுவந்து கையில கொடுத்தாத்தான் வாங்கிக்க முடியும். இன்னிக்கு அந்தப் பொண்ணு கொடுத்தா."

நான் அழுதுவிட்டேன். அவளுக்காக அழுதேனா, எனக்காகவா, இரண்டு பேர் கஷ்டமும் முடியப்போகிறது என்ற நிம்மதியிலா, தெரியவில்லை. மாமி என் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

"எதுக்குடி அழறே? ரெண்டு பேருக்கும்தான் கிடைச்சுடுத்தே" என்றாள்.